வாடகைக்குன்னே கட்டின வீடு

வாங்க நர்ஸம்மா, பாத்து வாங்க, அந்த ரெண்டாவது படி கொஞ்சம் உசரம். நான்தான் மாரீஸ்வரி. எங்க வீட்டுக்காரர் மத்தியானமே போன்ல சொல்லிட்டார். நாலு மணிக்கு ஒரு நர்ஸம்மா வருவாங்க, ரிட்டையர் ஆன பணத்துல முதல்முதலா ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடப் போறாங்களாம், நீ திறந்து காட்டு, ஆறு மணிக்கு மில்லுல ஷிப்டு முடிஞ்சதும் நானே வந்து பேசி அட்வான்ஸ் வாங்கிக்கறேன்னார். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. வீடு என் பேர்லதான் இருக்கு. எங்க அப்பா எனக்குன்னு எழுதி வச்ச கரிசக்காடு பைபாஸ் ரோட்டுல போச்சு, அதுக்கு வந்த நஷ்டஈட்டுப் பணத்துல கட்டினது. கையெழுத்து நான்தான் போடணும். போடறேன்னு சொல்லிட்டேன்.

உக்காருங்க. தரையிலதான் உக்காரணும், வீடு ரெண்டு மாசமாக் காலி. தரை சுத்தமா இருக்கும். காலையிலதான் துடைச்சேன். நேத்தும் துடைச்சேன்.

நீங்க முதல்தடவை வாங்கறீங்கன்னு சொன்னதால ஒரு நாலு விஷயம் சொல்றேன், மனசுல போட்டுக்கோங்க. விக்கறவ சொல்றாளேன்னு நினைக்காதீங்க. எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லலை. நான் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பத்தாவதோட நின்னவ. ஆனா இந்த வீட்டு விவகாரத்துல எனக்கு ரெண்டரை வருஷ அனுபவம்.

முதல் விஷயம், மனையைப் பத்தி புரோக்கர்கிட்ட கேக்காதீங்க. நாய்கிட்ட கேளுங்க. சிரிக்காதீங்க, உண்மையாத்தான் சொல்றேன். ஐப்பசியில நல்ல மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில போய், அந்தத் தெரு நாய் எல்லாம் எங்க சுருண்டு படுத்திருக்குன்னு பாருங்க. அதுதான் மேட்டு மனை. நான் அப்படித்தான் பாத்தேன். புரோக்கர் காட்டுன மனையில தவளை இருந்தது. இந்த மனையில மூணு நாய். இதையே குடுங்கன்னுட்டேன்.

அப்புறம் வில்லங்கம் முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. மூலப்பத்திரம் அசல் இருக்கான்னு கேளுங்க. அசல் பேங்குல இருக்கு, அண்ணன்கிட்ட இருக்கு, ஜெராக்ஸ்தான் இருக்குன்னு சொன்னா, அவங்க குடுத்த காபியைக் குடிச்சிட்டு வந்துருங்க. தண்ணியை வாயில ஊத்திப் பாருங்க, நல்ல தண்ணியா உப்பான்னு. சாயங்காலம் ஒருதடவை போய் அக்கம்பக்கம் எப்படிச் சண்டை போடறாங்கன்னு கேளுங்க. சத்தமா சண்டை போட்டா நல்ல தெரு. சத்தமே இல்லைன்னாதான் யோசிக்கணும்.

முக்கியமா, பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கணும். இங்கேருந்து நாலாவது தெருவுல இருக்கு பாருங்க, மணி அடிச்சா இங்க கேக்கும். என் மக தர்ஷிகா அங்கதான் ஒண்ணாம் வகுப்பு. நாங்க இருக்கறது ஊர்ல, மாமியார் வீட்டுல. பதினெட்டு கிலோமீட்டர். காலையில ஏழு மணிக்கு வேன் வந்துரும். கண்மாய்க் கரை வளைவு வந்ததும் பிள்ளை தினமும் வாந்தி எடுத்துரும். இட்லி குடுத்தாலும் எடுக்கும், வெறும் வயித்துல விட்டாலும் எடுக்கும். அதனால ஒரு பையில கவர் நாலு போட்டு அனுப்பறேன். ஒண்ணு அவளுக்கு, மூணு பக்கத்துல உக்கார்ற பிள்ளைகளுக்கு, அதுகளும் பாத்துப் பாத்து எடுக்குது. அதை விடுங்க. நான் சொல்ல வந்தது, பள்ளிக்கூடம் கூப்பிடற தூரத்துல இருந்தா வாடகைக்கு ஆள் வரிசையில நிக்கும்.

நின்னாங்களான்னு கேக்கறீங்களா? நின்னாங்களே. ரெண்டரை வருஷத்துல அஞ்சு குடும்பம். ஆளுக்குக் குறைச்சலே இல்லை. வந்த ஆளுங்கதான் சரியில்லை.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொல்லிடறேன், இதுதான் எல்லாத்துக்கும் தலை. வாடகைக்கு விடற வீட்டு மேல ஆசை வைக்கக் கூடாது. விக்கறதுக்கு வளக்கற ஆட்டுக்கு யாராவது பேர் வைப்பாங்களா? வைக்க மாட்டாங்க. அந்த மாதிரிதான். முதலீடு வேற, வீடு வேற. எங்க மகளிர் குழுவுக்கு ஒரு சார் வந்து வகுப்பு எடுத்தாரு. நோட்டுல எழுதிருக்கேன்: உணர்ச்சிக்கு இடம் கொடுக்கக் கூடாது. அடியில ரெண்டு கோடு போட்டிருக்கேன்.

வாசல்ல 'தர்ஷிகா இல்லம்'னு இருக்கேன்னு பாக்கறீங்க. அது கிரானைட் கடைக்காரர் துண்டுக் கல்லை சும்மா குடுத்தாரு. சும்மா வர்றதை வேண்டாம்பாங்களா?

வாங்க, அடுப்படியைப் பாருங்க. நல்ல வெளிச்சம். இந்த ஜன்னலைத் தெருப் பக்கம் நான்தான் வைக்கச் சொன்னேன். சமைச்சுக்கிட்டே, பள்ளிக்கூடம் விட்டு பிள்ளை அந்த முக்குத் திரும்பறதுலேருந்து கேட்டைத் திறக்கறவரைக்கும் பாக்கலாம். யார் பிள்ளையா? வாடகைக்கு வர்றவங்க பிள்ளைதான்.

அடுப்பு மேடை பதிவா, தாழ இருக்குன்னு தோணுதா? கொத்தனார் இசக்கிமுத்துவும் அதைத்தான் சொன்னார். "ஏம்மா, எல்லா வீட்டுலயும் ரெண்டே முக்கால் அடி வைப்போம், நீங்க ரெண்டே கால்ங்கிறீங்க, குடிவர்ற பொம்பளைங்க எல்லாம் உங்க உசரத்துலயா வருவாங்க?"ன்னாரு. அண்ணே, காசு போடறது யாரு, நானா நீங்களான்னேன். முதலீடு பண்றவங்களுக்குச் சொந்தமா ஒரு அபிப்பிராயம் இருக்கணும் நர்ஸம்மா. இதையும் நோட்டுல எழுதிக்கோங்க.

முதல்ல வந்தது ஒரு வாத்தியார் குடும்பம். தங்கமான மனுஷங்க. ஆனா அந்த வாத்தியார் சம்சாரம் நல்ல உசரம், காலேஜுல கூடைப்பந்து ஆடினவங்களாம். மூணாம் மாசம் இடுப்பு வலிக்குதுன்னாங்க. அடுப்புக்கு அடியில ஒரு பலகை போட்டு உசத்திக்கறோம்னாங்க. நான் வந்து பாத்தேன். மேடை அளவே போச்சு. எடுத்துருங்கன்னேன். ஏழாம் மாசம் இடுப்புல பெல்ட்டு போட்டுக்கிட்டு காலி பண்ணிட்டுப் போனாங்க. அந்தக் காலத்துல அம்மியில குனிஞ்சு அரைச்ச பொம்பளைங்க எல்லாம் இல்லையா? இப்ப உள்ளவங்களுக்குப் பொறுமை இல்லை.

ரெண்டாவது ஒரு புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி. அந்தப் பையன் ஜிம்முல சொல்லிக் குடுக்கறவன். ஹால்ல மேல பாருங்க, நடுவுல ஒரு கொக்கி தெரியுதா? காங்கிரீட் போடும்போதே நின்னு போட்டது, நூறு கிலோ தாங்கும். தொட்டில் கொக்கி. அந்தப் பையன் என்ன பண்ணினான் தெரியுமா? அதுல ஒரு பெரிய மூட்டையைத் தொங்கவிட்டு, கையில உறை மாட்டிக்கிட்டு தினமும் காலையில குத்துறான். தொட்டில் கட்டற இடத்துல நின்னு குத்துறான் நர்ஸம்மா! நான் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்த வந்தவ ஜன்னல் வழியாப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். தம்பி, அதைக் கழட்டுப்பான்னேன். "அக்கா, கொக்கி சும்மாதானே கிடக்கு?"ன்னான். சும்மா கிடக்குன்னு உனக்கு யார் சொன்னதுன்னு கேட்டேன். அவன் முழிச்சான். நானும் கொஞ்சம் முழிச்சேன்.

எனக்கு ஒண்ணுதான் நர்ஸம்மா. ஆறு வயசு ஆகப்போகுது. இன்னொண்ணு வேணும்னு அவருக்கும் ஆசைதான். ஆனா ஊர்ல அந்த வீடு ஒரே ஒரு பத்துக்குப் பத்து அறையும் அடுப்படியும். ராத்திரி பாய் விரிச்சா முதல்ல அத்தை, அப்புறம் பிள்ளை, அப்புறம் நான், சுவரோரமா அவர். அத்தைக்குத் தூக்கமே வராது, எலி நடந்தாக்கூட யாருன்னு கேப்பாங்க. நீங்க நர்ஸ், உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதை விடுங்க.

அடுத்த ரெண்டு குடும்பமும் ஆணிப் பிரச்சினை. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு வாயால சொன்னேன், பேப்பர்லயும் எழுதி ஒட்டினேன். சாமி படத்துக்குக்கூடவான்னு கேட்டாங்க. சாமி மேல பக்தி இருந்தா அலமாரியில வைங்கன்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

கடைசியா வந்தவர்தான் நர்ஸம்மா, தங்கம்னா தங்கம். கரண்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், தனி ஆள். ஒண்ணாம் தேதி காலையில வாடகை வந்துரும். ஆணி அடிக்கலை. சமையலும் பண்றதில்லை, மெஸ்ஸுல சாப்பாடு, அதனால மேடைப் பிரச்சினையும் இல்லை. எட்டு மாசம் ஒரு குறை சொல்ல முடியலை, எனக்கே என்னவோ போல இருந்தது. அப்புறம்தான் கவனிச்சேன், மனுஷர் வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்தறதில்லை. ஒரு வீட்டுல வெள்ளிக்கிழமை விளக்கு எரியலைன்னா அந்த வீடு என்னத்துக்கு ஆகும்? முதலீடு என்னத்துக்கு ஆகும்? சரி, அவரைச் சிரமப்படுத்த வேண்டாம்னு வெள்ளிக்கிழமைதோறும் நானே பஸ் பிடிச்சு வந்து, சாயங்காலம் கோலம் போட்டு, விளக்கு ஏத்தி, ஒரு அரை மணி நேரம் ஹால்ல உக்காந்துட்டு, தர்ஷிகாவையும் கூட்டிக்கிட்டுப் போவேன். அவ அந்தச் சின்ன ரூம்ல உக்காந்து வீட்டுப்பாடம் முடிச்சிருவா. அவருக்கு இதுல என்ன நஷ்டம் சொல்லுங்க? அந்த அரை மணி நேரமும் அவர் பாட்டுக்கு வெளியே படியில உக்காந்து பேப்பர் படிப்பாரு. ஒருநாள் பிள்ளை தூங்கிட்டா, ஒரு மணி நேரம் ஆயிருச்சு. மழை வேற. நனைஞ்சிட்டாரு. அடுத்த மாசம் சாவியைக் குடுத்துட்டாரு. கோவமே படலை. "அம்மா, உங்க வீட்டுல நான் இடைஞ்சலா இருக்கேன்"னு சொல்லி ஒரு கும்பிடு போட்டாரு. பெரிய மனுஷர், அவ்வளவு மரியாதை.

அதான் சொல்றேன், வீடு நல்ல வீடு. ஆளுங்க அமையலை.

ஏன் விக்கறோம்னு நீங்க கேக்கறது நியாயம். வாங்கறவங்க கேக்கணும். ஊர்ல எங்க காட்டுக் கிணறு வத்திப்போச்சு, கடலை காயுது. போர் போடணும்னு அத்தை ஒரு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காங்க. காலியாக் கிடக்கற வீட்டைப் பூட்டி வச்சிக்கிட்டு அவ என்ன பண்றா, விக்கச் சொல்லுன்னு மகன்கிட்ட சொன்னாங்க. அவர் என்கிட்ட சொன்னார். அவர் நல்ல மனுஷர், யார் சொன்னதையும் அப்படியே கொண்டுவந்து சொல்லிருவார்.

நாங்களே குடி வந்திருக்கலாமேங்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. இது என்ன குடியிருக்கவா கட்டினது?

இருங்க, அந்தக் கதையைச் சொல்லிடறேன், நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது. வீடு முடிஞ்சு பால் காய்ச்சின அன்னைக்கு ஊர்லேருந்து அம்பது பேர் வந்தாங்க. அத்தையும் வந்தாங்க. வந்தவங்க உள்ளே வரலை. அந்தா அந்த வேப்பமரத்துக்கு அடியில உக்காந்துட்டாங்க. சாப்பிடக் கூப்பிட்டேன், வரலை. பாயசம் கொண்டுபோய்க் குடுத்தேன், வாங்கலை. நாலு பேர் கேக்கற மாதிரி, "நான் உசிரோட இருக்கும்போதே தனி அடுப்பு மூட்டிட்டா. ஒத்தைப் பிள்ளையைப் பெத்தேன், அவனையும் பிரிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறா. சொந்தமா வீடு கட்டிட்டாளாம்ல?"ன்னாங்க. எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. அவர் பந்தியில தண்ணி ஊத்தப் போயிட்டார். எனக்குக் கையில பாயச டம்ளர். குழுக் கூட்டத்துல படிச்ச வார்த்தை சட்டுன்னு வாயில வந்தது. "அய்யோ அத்தை, நாங்க எதுக்கு இங்க வரப்போறோம்? இது வாடகைக்கு விட. முதலீடு"ன்னேன். அத்தை பாயசத்தை வாங்கிக் குடிச்சாங்க. ரெண்டாவது டம்ளரும் கேட்டாங்க.

அன்னையிலேருந்துதான் நான் முதலீட்டாளர். சொன்னா சொன்னபடி நிக்கணும் இல்லையா? அடுத்த வாரமே 'டு லெட்' போர்டு மாட்டிட்டேன்.

என்ன சொல்றீங்க? பிடிச்சிருக்கா? வாங்கிக்கறீங்களா?

பொறுங்க பொறுங்க. இதுதான் புதுசா வர்றவங்க செய்யற முதல் தப்பு. பாத்த உடனே சரின்னு சொல்லவே கூடாது. நாலு குறை சொல்லணும். நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன். பின்னாடி வீட்டுச் சேவல் மூணு மணிக்கே கூவும், அதுக்கு நேரங்காலம் தெரியாது. பாத்ரூம் குழாய் மூடினப்புறமும் கொஞ்ச நேரம் அழும். மேற்கு வெயில் நேரே சின்ன ரூம்ல அடிக்கும். வாசல் கேட்டைத் தூக்கித்தான் திறக்கணும், உங்க வயசுக்கு... புதுசா ரோடு போட்டா ரோடு உசந்து வாசல் பள்ளமாயிரும். கொசு இருக்கு. இவ்வளவு சொல்றேன், விலையில ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேங்கறீங்களே. இப்படி இருந்தா எப்படி நர்ஸம்மா பிழைப்பீங்க?

பரவாயில்லையா? எல்லாம் சேத்துத்தான் வேணுமா?

சரி. உங்க இஷ்டம். நான் என்ன சொல்லப்போறேன். நல்லா வச்சுப் பாத்துக்குவீங்க, உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. தரையை மட்டும் பினாயில் போட்டுத் துடைக்க விடாதீங்க, வெள்ளை பூத்துரும். கறிவேப்பிலைக்கு வாரம் ரெண்டு தரம் புளிச்ச மோர் ஊத்தச் சொல்லுங்க.

இல்லை, கண்ணுல ஒண்ணும் இல்லை. ரெண்டு மாசமாப் பூட்டின வீடு, தூசி. ஆமா, துடைச்சேன்தான். தரையைத் துடைச்சேன். ஒட்டடை அடிக்கலை.

யாருக்கு விடலாம்னு கேக்கறீங்களா? அதைக் கேளுங்க, சொல்றேன். பெரிய குடும்பம் வேண்டாம். புருஷன் பொண்டாட்டி, பள்ளிக்கூடம் போற பிள்ளை ஒண்ணு. புருஷனுக்கு மில்லு மாதிரி மாசச் சம்பளம். பொம்பளை சுத்தக்காரியா இருக்கணும், ஆணின்னாலே பயப்படணும், வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்தணும். கொஞ்சம் குட்டையா இருந்தா நல்லது, மேடைக்குத் தோதா இருக்கும். அப்படி ஒரு ஆளைப் பிடிச்சிட்டீங்கன்னா பத்து வருஷத்துக்கு நீங்க இந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே வேண்டாம்.

அப்படி ஒரு ஆளை உங்களுக்குத் தெரியுமா? யாரு?

நானா?

என்ன நர்ஸம்மா, கேலி பண்றீங்க. நான் எப்படி இங்க... சொந்த வீட்டுல யாராவது வாடகைக்கு இருப்பாங்களா?

அது சரிதான். வித்துட்டா சொந்த வீடு இல்லைதான்.

விக்காமலே வந்து இருந்துட்டுப் போயேங்கறீங்களா? அது எப்படி முடியும்? விவரம் புரியாமப் பேசறீங்களே. சொந்த வீட்டுக்குப் போனா குடும்பத்தைப் பிரிச்சதா ஆயிரும். தனிக்குடித்தனம்னு ஊரே சொல்லும். அத்தை மறுபடியும் மரத்தடியில போய் உக்காந்துருவாங்க. ஆனா வாடகை வீடுன்னா...

இருங்க, கொஞ்சம் யோசிக்க விடுங்க.

வாடகை வீடுன்னா அது தனிக்குடித்தனம் இல்லை நர்ஸம்மா. அது பிள்ளை படிப்புக்கு. எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா மகன் சுப்புராஜ் குடும்பம் டவுன்ல ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டுல வாடகைக்கு இருக்கு, மூணு வருஷமா. யாராவது ஒரு வார்த்தை சொல்லிருப்பாங்களா? எங்க அத்தையே அவங்களை நினைச்சு உச்சுக் கொட்டுவாங்க. அதே வீடுன்னு அத்தைக்குத் தெரியாதான்னா, தெரியும். தெரிஞ்சா என்ன? பத்திரம் உங்க பேர்ல. மாசம் பொறந்தா உங்களுக்கு வாடகை எண்ணி வைக்கணும். அதுல எங்க இருக்கு தனிக்குடித்தனம்?

போரும் போட்டாச்சு, கடலையும் பிழைச்சது, பிள்ளையும் நடந்து பள்ளிக்கூடம் போகுது. அன்னைக்கு குழுவுல வகுப்பு எடுத்த அந்த சார் சொன்னது எனக்கு இப்பத்தான் விளங்குது. முதலீடுன்னா நாலு பக்கமும் லாபம் வரணும்.

சரி, வாடகை எவ்வளவு சொல்லுவீங்க?

ஆறாயிரமா! நர்ஸம்மா, மனசாட்சியோட பேசுங்க. இந்த வீட்டுக்கா ஆறாயிரம்? கொசு எவ்வளவு இருக்குன்னு இப்பத்தானே சொன்னேன். வெள்ளை அடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. கட்டினவங்க ஏதோ அவசரத்துல கட்டிருக்காங்க, ஒரு அலமாரிக்காவது கதவு போட்டிருக்காங்களா பாருங்க. நாலாயிரத்தைந்நூறு. அதுக்கு மேல எங்களால முடியாது, அவருக்கு மில்லுச் சம்பளம்தான். அட்வான்ஸ் மூணு மாசம்தான் தருவோம். வெள்ளையடிச்சுக் குடுக்கறது உங்க பொறுப்பு. அய்யாயிரமா? சரி, அய்யாயிரம். மோட்டார் ரிப்பேர் ஆனா நீங்கதான் பாக்கணும்.

ஆறு மணிக்கு அவர் வந்ததும் இதை நான் சொன்னதாச் சொல்லாதீங்க. நீங்களா சொல்லுங்க. பெரியவங்க யாராவது சொன்னா அவர் அப்படியே கொண்டுபோய் அத்தைகிட்ட சொல்லிருவார். அத்தை முதல்ல ஒரு மூச்சு அழுவாங்க. அழுது முடிச்சு, வாடகை வீட்டுல கிடந்து என் மருமக என்ன பாடு படப்போறாளோன்னு சொல்லி, மாசம் ஒரு சிப்பம் அரிசியும் ஒரு படி கடலையும் அவங்களே பஸ்ல ஏத்தி விடுவாங்க, நீங்க வேணா பாருங்க.